எண்பதாம் கல்யாணத்தின் தோழிப்பெண்

திருக்கடையூரில் வருஷம் முழுவதும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அறுபது, எழுபது, எண்பது வயது. பெண்ணுக்கு நாலைந்து குறைவு. மூட்டுவலி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காது மந்தம் எல்லாம் சீர்வரிசையாகக் கூடவே வரும். பிள்ளைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து, பெற்றவர்களை விடியுமுன் எழுப்பி, பட்டுக் கட்டி, பட்டினி போட்டு, ஹோமப் புகையில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் தாலி கட்டவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இதில் யாரும் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பூர்ணிமாவின் வேலை.

மாயவரத்தில் நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்தவள். அங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் சில வருஷம் இருந்தாள். வலியோடு வருகிறவர்களையும், வலி தீராமலே போகிறவர்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள். ஒருமுறை உறவுக்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனபோது, மணப்பெண் அக்னி முன்னாலேயே சரிந்துவிட்டாள். கூட்டம் சுற்றி நின்று விசிறியது. பூர்ணிமா எல்லோரையும் விலகச் சொல்லி, அந்த அம்மாளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தாள். நினைவு திரும்பியதும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். சற்று நேரத்தில் தாலி ஏறிவிட்டது. மண்டபத்துக்காரர் தியாகராசன் அன்றைக்கே அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. இங்கே வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். எழுபது வயதுப் பெண் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வெட்கப்படுவதை நர்சிங் ஹோமில் எங்கே பார்க்க முடியும்? "விரதம்னா இட்லிதான் கூடாது, சர்க்கரை மாத்திரை போட்டவங்க கஞ்சி குடிச்சாகணும்" என்று மகன்களோடு சண்டை போடுவாள். குருக்கள் அவள் பக்கம்தான் பேசுவார். காலையில் கல்யாணம், மத்தியானம் விருந்துச் சாப்பாடு, சாயங்காலம் வீடு.

வீடுதான் பிரச்சினை. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்ட ஆரம்பித்த புது வீடு கம்பி நீட்டிய தூண்களோடு நின்றுபோயிருந்தது. புருஷன் தமிழரசன் குத்தகைக்கு எடுத்த வயலில் கார்த்திகை மழைத் தண்ணீர் தேங்கி, சம்பா பயிர் அழுகிவிட்டது. தகரக் கொட்டகைக்குள் குடித்தனம்.

அந்தச் சமயத்தில்தான் ராம்கி வந்தான். சென்னையில் பெரிய வேலை. அப்பா இராஜாங்கத்துக்கு எண்பது. அம்மா தர்மாம்பாளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. சதாபிஷேகத்துக்கு மண்டபம் பார்க்க வந்தவன், பூர்ணிமா ஒரு பெரியவரைப் பிடித்து எழுப்பி நடக்கவைத்ததைப் பார்த்தான்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்கு வந்துடுங்க. அம்மாவை மட்டும் பார்த்துக்கணும். தனி ரூம், ஏசி. இங்க வாங்கறதைப் போல மூணு பங்கு தர்றேன். மாசத்துக்கு ஒருவாட்டி ஊருக்கு வந்துட்டுப் போகலாம்."

வீட்டில் சொன்னாள்.

"மூணு பங்கா?" என்றான் தமிழரசன்.

"ஆமாங்க."

"அந்தம்மாவைக் குளிப்பாட்டி, சோறு குடுத்துப் படுக்கவைக்கணும். அவ்வளவுதானே? இங்க ஊர்க்காரன் சண்டைக்கு நடுவுல நின்னு தொண்டை கட்டக் கத்திட்டு வர்ற."

"அந்தச் சண்டைதாங்க நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா வீட்டுக்குத் தளம் போட்டுட முடியுமா? அங்க போனா வர்ற ஆடிக்குள்ள போட்டுடலாம்."

சரி என்று ராம்கிக்குச் சொல்லிவிட்டாள். சதாபிஷேகம் முடிந்ததும் அவர்கள் வண்டியிலேயே கிளம்புவதாக ஏற்பாடு. தியாகராசனிடமும் சொன்னாள். "மூணு பங்குக்கு நான் எங்க போறது? போயிட்டு வா" என்று அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சதாபிஷேகத்துக்கு முதல்நாள் மத்தியானமே குடும்பம் வந்து இறங்கியது. தர்மாம்பாளைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் இராஜாங்கத்தின் தங்கை வள்ளியம்மை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அண்ணியை ஏன் கஷ்டப்படுத்தணும்? ஓரமா நாற்காலியில உக்காந்து பார்க்கட்டும். அண்ணன் மட்டும் மணையில உக்காரட்டும். தாலியை இங்க கொண்டாந்து கட்டிட்டாப் போச்சு."

ராம்கிக்கும் அது சரியென்று பட்டது. அம்மா விழுந்துவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு.

தர்மாம்பாளுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். ஆனாலும் தெளிவாகவே கேட்டாள். "கல்யாணம் எனக்கா, இல்ல நான் வேடிக்கை பார்க்க வந்தேனா?"

பூர்ணிமா குருக்களிடம் போனாள்.

"சாமி, மணை தரையிலதான் இருக்கணுமா?"

"ஏன்?"

"தரையில உக்காந்தா அந்தம்மா எழுந்திரிக்க முடியாது. பெஞ்சு மேல மணையைப் போட்டா?"

"போட்டுக்கோ. ஆனா அவர் கீழேயும் அவ மேலேயும் இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் பெஞ்சு மேல."

"கும்பத்துல தண்ணி நிரப்பும்போதே கொஞ்சம் வெந்நீர் கலந்துடுங்க சாமி. பூஜை ஆரம்பிச்சப்புறம் நான் அதுல கை வைக்க முடியாது."

குருக்கள் சிரித்தார். போன மார்கழியில் ஒரு மாப்பிள்ளை பச்சைத் தண்ணீரில் நடுங்கி, மந்திரத்தையே நிறுத்தவேண்டி வந்தது அவருக்கும் மறக்கவில்லை.

சாயங்காலம் அறையில் ஒத்திகை. தர்மாம்பாளின் ரவிக்கையை முதுகுப் பக்கம் வெட்டி நாடா தைத்தாள் பூர்ணிமா. போடும்போது வராத கைக்கு முதலில், கழற்றும்போது நல்ல கைக்கு முதலில். படிப்பில் சொல்லிக்கொடுத்ததிலேயே தினமும் உதவுவது இது ஒன்றுதான் என்று அவள் சொல்வாள். பிறகு மாலை மாற்றுவது. துண்டை முறுக்கி மாலையாக்கி, தர்மாம்பாளின் வலது முன்கையில் மாட்டிவிட்டாள்.

"ஒரு கையாலயே போட்டுடலாம்மா. ஐயா மட்டும் கொஞ்சம் குனியணும்."

"இந்த வயசுல குனியறதாவது? இடுப்புப் பிடிச்சுக்கும்" என்றார் இராஜாங்கம்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான்தான் குனியறேன்" என்றாள் தர்மாம்பாள். "ஒருநாள் நீங்க குனிஞ்சா ஒண்ணும் ஒடிஞ்சு போயிடாது."

இராஜாங்கம் குனிந்தார். துண்டு அவர் காதில் மாட்டிக்கொண்டது. மறுபடி. மூக்கில் பட்டது. மறுபடி. கிழவியும் கிழவனும் சிரித்த சிரிப்பில் பூர்ணிமா சன்னலைச் சாத்தவேண்டியிருந்தது.

காலையில் மாட்டுக்கும் யானைக்கும் பூஜை முடிந்தது, ஹோமம் முடிந்தது. அடுத்தது அபிஷேகம். எண்பதாம் கல்யாணத்தில் சல்லடையைத் தலைக்குமேல் பிடித்து அதன் வழியாகத் தண்ணீர் விடுவார்கள். ஊற்றினால் புண்ணியம் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் செம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சல்லடை பூர்ணிமாவின் கையில் இருந்தது. தண்ணீர் வேகமாக வந்தால் சாய்த்து விலக்கினாள்.

"ஆளுக்கு ஒரு செம்பு. வரிசையா வாங்க. அண்ணே, முகத்துல விடாதீங்க, அவங்களுக்கு முழுங்கறது சிரமம்."

"நான் பட்டுக்கோட்டையிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்மா. இன்னொரு செம்பு ஊத்திக்கறேன்."

"பாரிஸ்லேர்ந்து வந்தாலும் ஒண்ணுதாங்க. நகருங்க."

வெந்நீர் கலந்த தண்ணீர் என்பதால் தர்மாம்பாள் நடுங்கவில்லை. சீக்கிரம் அறைக்குக் கொண்டுபோய், ஈரத்தைக் களைந்து, துடைத்து, கூறைப்புடவை கட்டி முடித்தாயிற்று. ராம்கி சக்கர நாற்காலியோடு வாசலில் நின்றான்.

"வேணாம் சார். நாலு அடிதானே, நடந்துடுவாங்க."

"விழுந்துட்டாங்கன்னா?"

"நான் பிடிச்சிருக்கேன்ல."

புடவைக்கு உள்ளே இடுப்பில் ஒரு துணிப்பட்டை கட்டியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, வலுவில்லாத முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்தாள். தர்மாம்பாள் நடந்தாள். மணமேடையில் புருஷனுக்கு எதிரே நின்றாள். ரோஜா மாலை துண்டைவிடக் கனம். கை மெதுவாக உயர்ந்தது, பாதியில் நின்றது. பூர்ணிமா உதவவில்லை. இராஜாங்கம் இன்னும் குனிந்தார். மாலை அவர் காதில் தட்டி, சறுக்கி, கழுத்தில் விழுந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. முதலில் குலவை போட்டது வள்ளியம்மைதான். ராம்கி படம் எடுக்க மறந்து நின்றான். தர்மாம்பாள் கழுத்தை நீட்டித் தாலி வாங்கிக்கொண்டாள். பிறகு வள்ளியம்மையைத் திரும்பிப் பார்த்தாள். "ஓரமாத்தான் உக்காந்திருக்கணுமோ?" என்றாள். மண்டபமே சிரித்தது.

துணிப்பட்டையை இறுக்கிப் பிடித்த கை பூர்ணிமாவுக்கு வலித்தது. அந்த நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. ஏசி அறையில் இதே அம்மாளோடு உட்கார்ந்து நாளெல்லாம் டிவி பார்க்க அவளால் முடியாது. தளம் தள்ளிப்போகும். அது தெரிந்துதான் முடிவெடுத்தாள்.

சாப்பாடு முடிந்து ராம்கி வந்தான். "சிஸ்டர், மூணு மணிக்குக் கிளம்பறோம்."

"நான் வரல சார்."

அவன் முகம் மாறியது. "கடைசி நேரத்துல சொன்னா எப்படிங்க? பழைய ஆளை நிறுத்திட்டேன்."

"தப்புதான் சார். முன்னாடியே சொல்லியிருக்கணும். மூணு பங்குன்னதும் வாயடைச்சுப் போச்சு." சாப்பாட்டு நேரத்திலேயே அனீஸாவிடம் ஃபோனில் பேசிவிட்டிருந்தாள். கூடப் படித்தவள், பக்கவாதக்காரர்களைப் பார்த்துப் பழகியவள். மகள் சென்னையில் படிப்பதால் அங்கேயே வேலை தேடிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலையில உங்க வீட்ல இருப்பா. இன்னைக்கு ராத்திரி அம்மாவை எப்படித் திருப்பிப் படுக்கவைக்கணும்னு உங்களுக்கு இப்பவே காட்டித் தர்றேன்."

"அவளுக்குச் சீட்டாடத் தெரியுமா?" என்றாள் தர்மாம்பாள்.

"ஏமாத்தவும் தெரியும்மா."

"அப்ப வரட்டும்."

ராம்கி கொஞ்ச நேரம் முறைப்பாகவே இருந்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கற்றுக்கொள்ள வந்தான்.

அடுத்தது தியாகராசன். அவர் கணக்குப் பிள்ளையோடு காய்கறி விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் போகல."

"நல்லதாப் போச்சு."

"ஆனா மாசச் சம்பளம் வேணாம். கல்யாணத்துக்கு இவ்வளவுன்னு குடுங்க. முகூர்த்த நாள்ல கூட ஒரு பொண்ணு வேணும். ஒரே நாள்ல மூணு ஜோடின்னா ஒருத்தியால ஆகாது."

"எனக்குக் கட்டுப்படியாகுமாம்மா?"

பாத்திரம் எடுக்க வந்த வள்ளியம்மை நின்றுவிட்டாள். "தையில எங்க வீட்டுக்காரருக்கு எழுபது. இங்க பேசலாம்னுதான் இருக்கோம். ஆனா இந்தப் பொண்ணு இருந்தாத்தான். இல்லன்னா வேற மண்டபம் பார்த்துக்கறோம்."

தியாகராசன் பூர்ணிமாவைப் பார்த்தார், வள்ளியம்மையைப் பார்த்தார். "நீ சொன்னபடியே வச்சுக்க" என்றார். மூன்று பங்கு ஆகவில்லை. வாங்கியதைப் போல ஒன்றரை மடங்கு தேறியது.

தோளில் பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தவளைப் பார்த்துத் தமிழரசன் கொட்டகைக்குள் போய்விட்டான். இரண்டு நாள் முகம் கொடுத்தும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அப்ப தளம்?" என்றான்.

"முன்னறைக்கு மட்டும் இப்பப் போடுவோம். மிச்சத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். கொத்தனார்கிட்ட கேட்டுட்டேன், அப்படிப் போடலாமாம்."

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

அவன் சோற்றைப் பிசைந்தபடியே தூண்களைப் பார்த்தான். "அந்தக் கிழவி எழுந்து நின்னுச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்களே, நிசமாவா?"

பூர்ணிமா எழுந்து நின்று, ஒரு கையை மடக்கிக்கொண்டு, மாலை போட்டுக் காட்டினாள். தமிழரசனுக்குப் புரையேறியது.

மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு எழுபது. பெண்ணுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. பூர்ணிமா முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினாள்.