படத்தில் இல்லாத துளை

ஏழாம் வகுப்பின் இரண்டாம் பிரிவுக்கு மொழிப்பாடம் எடுப்பவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆமை டீச்சர் என்று பெயர். மற்றப் பிரிவுகள் பன்னிரண்டாம் பாடத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவள் ஐந்தாவது பாடத்தில் ஒரே பத்தியோடு மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள்.

இந்த நிதானத்தை அவள் கல்லூரியில் கற்கவில்லை. அப்பாவின் வெல்டிங் பட்டறையில் கற்றாள். அப்பா நாலாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவர். ஆனால் அந்தப் பக்கத்தில் பாதி வீட்டுக் கேட்டும் மாடிப்படியும் அவர் கைவேலைதான். பெரிய படிப்புப் படித்த என்ஜினியர் ஒரு மாடிப்படிக்கு வரைந்த படத்தையே தப்பு என்று திருப்பி அனுப்பியவர். வெறும் பீற்றல் இல்லை, அந்த மாடிப்படி இன்னும் ஆடாமல் நிற்கிறது. படம் வந்தால் மேசையில் விரித்து ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை ஓட்டுவார். பிறகுதான் இரும்பைத் தொடுவார். வேலையாட்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: "படத்துல இல்லாத துளையைப் போடாதே." பள்ளி விட்டு வந்து அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மகளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

அதனால் அவள் வகுப்பில் பிள்ளைகள் வரியின் மேல் விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். புதுச் சொல் வந்தால் அர்த்தம் எழுதிப் போட்டால் போதாது, நடித்துக் காட்ட வேண்டும். நடப்பதற்கு மட்டும் சுவரில் பதினான்கு சொற்கள் ஒட்டியிருந்தன. நொண்டினார், விரைந்தார், உலாவினார், தள்ளாடினார் என்று ஒவ்வொன்றையும் யாராவது கரும்பலகையிலிருந்து கதவு வரை நடந்து காட்டினால்தான் அது சுவரேறும்.

அப்படித் தள்ளாடிப் போன ஒருத்தி, கதவில் வந்து நின்ற தலைமையாசிரியர் மேலேயே மோதினாள்.

"இது வகுப்பா, நடைப் பந்தயமா டீச்சர்?" என்றார் அவர். மாதத் தேர்வில் இந்தப் பிரிவு பின்தங்கினால் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவளை நூலகத்துக்குப் பட்டியல் எழுத அனுப்பப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாற்பது பிள்ளைகளை விடுவது அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. விஷயத்தைக் கேட்ட அப்பா, அவசரமாக வெட்டினால் இரும்புதான் வீண் என்றார். கூடவே, தான் திருப்பி அனுப்பிய படத்தின் கதையை இருபதாவது தடவையாக ஆரம்பித்தார்.

தேர்வு வந்தது. கேள்வித்தாளைத் தயாரித்தவர் தலைமையாசிரியர். மழை வரும்போல் இருந்ததால் ஒரு கடைக்காரர் சீக்கிரமே கடையைப் பூட்டிவிட்டுக் குடையைச் சுழற்றியபடி வீட்டுக்கு நடந்தார் என்று ஒரு பத்தி. அதில் பத்து மதிப்பெண் கேள்வி: கடைக்காரர் ஏன் வருத்தப்பட்டார்? மற்றப் பிரிவுகள் வியாபாரம் கெட்டதால் என்று எழுதிவிட்டன. இவள் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர், அவர் வருத்தப்பட்டதாகப் பத்தியில் இல்லை என்று எழுதி முட்டை வாங்கினார்கள்.

தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு விடைத்தாள் கட்டை முன்னால் தள்ளினார். எல்லாரும் ஒரே மாதிரி எழுதும்படி அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்றார். அவள் புரட்டினாள். அன்று தள்ளாடிப் போனவளின் தாளில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: 'வருத்தமாக இருப்பவர் குடையைச் சுழற்ற மாட்டார்.'

டீச்சர் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள். மூலையில் இருந்த அவருடைய குடையை எடுத்து நீட்டினாள்.

"கொஞ்சம் வருத்தமா நடந்து காட்டுங்க சார். இதைச் சுழற்றிக்கிட்டே."

முறைத்தாலும் வாங்கிக்கொண்டார். முகத்தைத் தொங்கப்போட்டால் குடை நின்றது. குடையைச் சுழற்றினால் முகம் மலர்ந்தது. தேநீர் கொண்டு வந்த பியூன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடையை மூடினா வருத்தம் இருக்காதா?" என்றார் தலைமையாசிரியர், நாலாவது அடியில் நின்று.

"இருக்கலாம் சார். பத்தியில இல்லையே."

தப்பு என்று அவர் வாயால் சொல்லவில்லை. உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பத்துப் போட்டார். நூலகப் பேச்சே எழவில்லை. அடுத்த மாதத்துக் கேள்வித்தாள், அச்சுக்குப் போகும் முன் அவள் மேசைக்கு வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.'

அப்பாவிடம் சொன்னாள். அவர் கையுறையைக் கழற்றாமலே சிரித்தார்.

"உங்க ஹெட்மாஸ்டரை ஒரு வாரம் நம்ம பட்டறைக்கு அனுப்பும்மா. நேராக்கி அனுப்பறேன்."