ஒன்னுமில்லீங்க மிஸ்ஸி

போனில் எப்போது கேட்டாலும் நான் "நல்லா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று பெரிய மகள் குறைப்பட்டாள். அது பொய்யில்லை. ஆனால் எப்படி நல்லா இருக்கிறோம் என்று சொல்வதற்குப் போன் போதாது. அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் தம்பி திருத்திக்கொள்ளட்டும். நீங்கள் மூன்று பேரும் படிக்க வேண்டும். உங்களிடம் மறைத்த விஷயமும் இதில் ஒன்றிரண்டு இருக்கிறது.

முதலில் ஒன்று. "பிள்ளைகள் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள்" என்று லயத்து வரிசை வீடுகளில் யாராவது சொன்னால் நீங்கள் வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். நாங்கள் தள்ளப்பட்டு வரவில்லை, நான் கேட்டு வந்தேன். அம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்ட அன்று மடுல்சீமைப் பாதையில் வேறு வண்டி கிடைக்காமல், கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்குகளுக்கு மேல் படுக்கவைத்துத்தான் பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் பிழைத்து வந்தாள். ஆனால் லயத்துக் கக்கூசுக்கு இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் படியில் எனக்கே கால் வழுக்கும். கொழும்பில் உங்கள் வீடு மூன்றாம் மாடி. நீங்கள் அழைத்தது மனசோடுதான், தெரியும். ஆனால் அம்மா அங்கே வந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடப்பாள். பதுளையில் தாதிமார் இருந்து கவனிக்கிற முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது என்று காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கேள்விப்பட்டதும், நான்தான் பஸ் ஏறிப் போய் விசாரித்தேன்.

வந்த முதல் நாளே அம்மா இரண்டு குறை கண்டுபிடித்தாள். ஒன்று, கட்டில் உயரம். இன்னொன்று, தேத்தண்ணி. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினாள். முப்பத்தெட்டு வருஷம் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டியவன் நான். குடித்துப் பார்த்தேன். தூளில் குற்றமில்லை, கொதித்த பிறகு நிறைய நேரம் வைத்திருக்கிறார்கள். குசினிக்குப் போய்ப் பணிவாகச் சொன்னேன். அன்று பின்னேரம் நல்ல சாயத்தோடு வந்தது. "வந்த அன்னைக்கே குசினியில அதிகாரமா" என்று அம்மா கேட்டாள். ஆனால் இரண்டு கோப்பை குடித்தாள்.

எங்கள் அறைக்கு எதிர் அறையில் இருப்பவர் பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவர். முஸ்லிம் ஆள். எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வயது எண்பத்தொன்று. கேலி பண்ண ஆள் கிடைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அம்மாவைப் பார்த்ததும், தீபாவளிக்கு முதல் கிழமை என் கடையில் ஒரு சீலைக்கு ஒன்றரை மணி நேரம் பேரம் பேசியது நீங்கள்தானே என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. நான்தான், அந்தச் சீலை ஒரே தோய்ப்பில் சாயம் போய்விட்டது என்றாள். இவள் அந்தக் கடைக்குப் போனதே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது.

இங்கே ஒரு விதி இருக்கிறது. கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருக்க வேண்டுமானால், இரண்டு பேரும் வாக்கரைப் பிடித்தாவது தாங்களாகக் குளியலறைக்குப் போய்வர வேண்டும். முடியாதவர்களைக் கீழே உள்ள பராமரிப்புக் கூடத்துக்கு மாற்றுவார்கள். அங்கே பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு ஒரு கூடம். எங்களுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். மாதக் கடைசித் திங்கட்கிழமை பெரிய மிஸ்ஸி பார்த்து முடிவு சொல்வார். இங்கே தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்கெல்லாம் தலைவி பெரிய மிஸ்ஸி. கண்டிப்பானவர், ஆனால் சிரித்துக்கொண்டே கண்டிப்பார்.

நாற்பத்தாறு வருஷத்தில், அம்மா பிள்ளைப்பேற்றுக்குப் போன நாட்களையும் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையும் விட்டால், நாங்கள் வேறு வேறு கூரையில் தூங்கியதில்லை. பெரிய மிஸ்ஸி விதியைச் சொன்னபோது அம்மா எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டினாள். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் என்னைப் பார்த்தாள்.

"என்னா ஆனாலும் வாயத் தொறந்துறாதீங்க. எனக்கு ஒன்னும் இல்ல. அவ்வளவுதான்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது உங்களுக்கு முழுதாக விளங்காது. நீங்கள் பெரட்டில் நின்றதில்லை. விடியக்காலையில் களத்தில் வரிசையாக நிற்போம். கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்துப் பேர் கூப்பிடுவார். "காய்ச்சலுங்க" என்று சொன்னால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அதனால் காய்ச்சலோடு நிற்பவளும் "ஒன்னுமில்லீங்க" என்பாள். அம்மா சின்னவளை வயிற்றில் எட்டு மாதம் சுமந்துகொண்டு அப்படி நின்றிருக்கிறாள்.

இல்லத்தில் தினமும் காலை ஆறரைக்கு மிஸ்ஸி ஒருத்தி புத்தகத்தோடு வருவாள். பேரைக் கூப்பிட்டு, இரவு தூங்கினீர்களா, வலி இருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு மாத்திரை கொடுப்பாள். நடையோரத்தில் எங்களைச் சேர்த்துத் தோட்டத்து ஆட்கள் ஏழு பேர். மற்றவர்கள் கட்டிலில் படுத்தபடி பதில் சொல்வார்கள். நாங்கள் ஏழு பேரும் ஆறேகாலுக்கே முகம் கழுவி, தலை சீவி, கதவு வாசலில் நிமிர்ந்து நிற்போம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்ததும் கால் தானாக நிற்கிறது. அம்மாவும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேர் கூப்பிட்டதும் ஏழு வாயிலும் ஒரே பதில்.

"ஒன்னுமில்லீங்க மிஸ்ஸி."

நானா தன் கட்டிலில் இருந்தபடி இதை நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் சத்தமாகக் கேட்டார்.

"என்னப்பா, தொரை வாராரா? எல்லாரும் வேலிக்கம்பம் மாதிரி நிக்கிறீங்க. எனக்கு இருக்கிற நோய் வருத்தத்த எல்லாம் சொன்னா மிஸ்ஸிக்குப் புத்தகம் பத்தாது. ஒங்க ஏழு பேருக்கும் ஒரு தும்மல்கூட இல்லையா?"

மிஸ்ஸி சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை.

உண்மை என்னவென்றால், அம்மாவுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. தோட்டத்தில் பிரஷர் மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள், இல்லாவிட்டால் இல்லை. இங்கே மணி அடித்த மாதிரி தருகிறார்கள். பத்து நாளில் அவளுக்குக் கண் இருட்டத் தொடங்கியது. காலையில் கதவுநிலையைப் பிடித்து நின்றது மரியாதைக்காக மட்டுமில்லை. உடற்பயிற்சி சொல்லித் தருகிற மிஸ் வந்து வாக்கரைக் கொடுத்தால், நாலு எட்டு வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், மனசில்லை என்பாள். அந்த மிஸ்ஸும் அப்படியே எழுதிக்கொள்வாள். நானும் பக்கத்தில் நின்று, "அவ கொஞ்சம் பிடிவாதக்காரி" என்று ஒத்து ஊதினேன். தலைசுற்று என்று சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு பேரும் பயந்தோம்.

மூன்றாவது கிழமை பெரிய மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார். மேல் அறைக்குப் பலர் காத்திருக்கிறார்கள், இந்தம்மாவுக்கு நடக்க மனசில்லையென்றால் மேலே வைத்திருக்க முடியாது, மாதக் கடைசித் திங்கட்கிழமைக்கு நீங்களும் மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். மறைத்தால் சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்தோம். மறைத்ததால்தான் பிரிக்கப்போகிறார்கள்.

மறுநாள் காலை நான் வாசலில் நின்றேன். அன்று புத்தகம் கொண்டுவந்தவள் பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மாவின் பேரைக் கூப்பிட்டாள். அம்மா வழக்கமான பதிலைச் சொன்னாள். நான் குறுக்கே பேசினேன்.

"இல்லீங்க மிஸ்ஸி. அவளுக்குத் தல சுத்துது. பத்து நாளா சுத்துது. நாங்கதான் மறைச்சோம்."

அம்மா பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. புத்தகத்தை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மாவும் காச்சலோட கொழுந்து எடுக்க மலைக்குப் போனவங்கதான். இங்க பேரு வெட்ட யாரும் இல்லீங்கம்மா. சொன்னாத்தானே நாங்க பாக்க முடியும்."

படுத்திருக்கும்போது பிரஷரை அளந்தாள். பிறகு நிற்கவைத்து அளந்தாள். நின்றதும் மளமளவென்று இறங்கியது. அன்றே டாக்டர் வந்து மாத்திரையைக் குறைத்தார். அவர் கிளம்பும் நேரத்தில் அம்மா வாயைத் திறந்தாள். என்னைக் காட்டி, டாக்டரிடம் சொன்னாள்.

"இவரு மட்டும் யோக்கியமா? காலுறையக் கழட்டச் சொல்லுங்க."

பிள்ளைகளே, உங்களிடம் மறைத்த விஷயம் இதுதான். இங்கே வருவதற்கு முன்பே என் குதிகாலில் ஒரு புண். சீனி வருத்தத்தால், அதுதான் சர்க்கரை நோயால், வலி தெரியவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் காலுறை போட்டு மறைத்திருந்தேன். மடுல்சீமைக் குளிரைத் தாங்கியவனுக்குப் பதுளை வெயிலில் எதற்குக் காலுறை என்று நானா பல தடவை கேட்டிருக்கிறார். டாக்டர் காலுறையைக் கழற்றி, குனிந்து கிட்டப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார். தினம் இரண்டு தடவை கட்டுப் போட வேண்டும், காலை ஊன்றவே கூடாது. உடனே பராமரிப்புக் கூடத்துக்கு மாற்றச் சொன்னார்.

அம்மாவை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் தள்ளுவண்டியில் கீழே போனது நான்.

முதல் இரண்டு நாள் அம்மா வரவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்தேன். மாத்திரை குறைத்து உடம்பு தேறக் காத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் பத்து மணி இருக்கும். வாக்கரின் சத்தம் கேட்டது. இரண்டு மிஸ்ஸிமார் பக்கத்தில் வர, சரிவான பாதையில் இறங்கி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. என் கட்டைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தாள், கூடத்தில் ஒட்டடை இருக்கிறது என்றாள். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அன்று பின்னேரமும் வந்தாள். மறுநாள் மூன்று தடவை. ஐந்தாம் நாள் மிஸ்ஸிமாரை வேண்டாம் என்றுவிட்டாள். வழியில் களைத்தால் உட்காரட்டும் என்று நானா ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். எண்பத்தொரு வயது மனுஷன். பாதி வழியில் அவரே அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்து, வாக்கர் வேண்டுமா என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் கூடம் முழுக்கச் சிரித்தது.

சரிவுப் பாதை பெரிய மிஸ்ஸியின் அறை வாசலைத் தொட்டுத்தான் போகிறது. திங்கட்கிழமை வந்தது. காலையிலேயே அம்மா புதுச் சீலை கட்டித் தயாராக இருந்தாளாம். யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் அவளே வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மிஸ்ஸியின் வாசலில் நின்று, எப்போது நடந்து காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு நாளைக்கு ஆறு தரம் என் வாசலைத் தாண்டிப் போறீங்க. இனி என்னத்தக் காட்டப்போறீங்க? அறை ஒங்களுக்குத்தான். அய்யா கால் ஆறினதும் மேல வரட்டும்."

அதைக் கேட்டதும் நேரே என்னிடம் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த அறையில தனியாத் தூக்கமே வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காலைப் பெரட்டு இன்னும் நடக்கிறது. ஆறேகாலுக்கு வாசலில் நிற்கிற வழக்கத்தை எங்களால் விட முடியவில்லை. ஆனால் இப்போது ஏழு பேரும் முழங்கால், நெஞ்சுக்கரிப்பு, காது இரைச்சல் என்று ஒன்றையும் விடாமல் சொல்கிறோம். பசறைப் பிள்ளைக்கு இப்போது நிஜமாகவே புத்தகம் பத்தவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புண் காய்ந்துவிட்டது என்று என்னை மேலே அனுப்பினார்கள். தடியூன்றி மெதுவாகப் போகச் சொன்னார்கள். அம்மா கூட்டிப்போக வந்திருந்தாள். சரிவில் ஏறும்போது பழக்கதோஷத்தில் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"என்னப் புடிக்க வேணாம். அந்தப் பக்கம் கம்பி இருக்கு, அதப் புடிச்சுக்கிட்டு ஒங்க காலப் பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்.