நைனாவுக்கு வெயில்

என் மனைவியின் நைனா, அதாவது அவள் அப்பா, திருவாலங்காட்டில் கரும்பு போட்டவர். விடிந்ததும் முகத்தில் வெயில் படவில்லையென்றால் அவருக்கு அன்றைக்கு நாளே தொடங்காது. அவர் போன பிறகுதான் நாங்கள் திருத்தணியில் வீடு கட்டினோம். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: காலை வெயில் நைனா படத்தில் விழவேண்டும்.

தை பிறந்ததும் மேஸ்திரி ஒருநாள் விடியவே வந்து, சூரியனைப் பார்த்துக் கிழக்குச் சுவரில் ஒரு திறப்பு விட்டார். எதிர்ச்சுவரில் வெயில் விழுந்த இடத்தில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினோம். பால் காய்ச்சிய அன்று நைனாவின் மீசை பளபளத்தது. மனைவி அழுதாள். மேஸ்திரிக்கு இரண்டாவது டம்ளர் காப்பி கிடைத்தது.

மாசியில் வெயில் இடப்பக்கம் நகர்ந்து காலண்டரில் விழுந்தது. மனைவி மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

“இன்னா மேஸ்திரி, நீ வெச்ச ஓட்டை நகந்துகினு போவுது?”

“ஓட்டை எங்கம்மா போவும்? சூரியன் வடக்க போய்க்கினு கீது. ஆடியில திரும்பிடும். கயிறு கட்டியா புடிச்சு வெக்க முடியும்?”

மேஸ்திரியின் இந்தப் பதிலை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் தெரிந்திருக்கவேண்டியதுதான். சாயங்காலச் சூரியன் மாதத்துக்கு மாதம் கோயில் மலையின் வேறு வேறு பக்கம் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். காலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றவில்லை.

மனைவி காலண்டரைக் கழற்றிவிட்டு அங்கே நைனாவை மாட்டினாள். பங்குனியில் இன்னொரு ஆணி. சித்திரையில் பிரிட்ஜுக்கு மேலே. நைனா வாரத்துக்கு நாலு விரற்கடை வீதம் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஆனி வந்தபோது வெயில் பாத்ரூம் கதவில் விழுந்தது.

“இங்க எப்படிங்க மாட்றது? பெத்த நைனாங்க.”

“ஒரு மாசம் அப்படியே வுடேன். ஆடியில வந்துடுவாரு.”

“ஒரு மாசம் நீங்க இருட்டுல இருப்பீங்களா?”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது கதவில் ஆணி இருந்தது, அதில் நைனா, அவர் முகம் நிறைய வெயில். நான் தோளில் துண்டோடு தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

“கதவைத் தொறக்காதீங்க, வெயில் போயிடும்,” என்றாள் மனைவி. “கொஞ்சம் இருங்க. நைனா இப்பதான வந்தாரு.”

அந்த மாதம் முழுக்க வீட்டில் பாத்ரூம் வரிசையில் முதல் இடம் அவருக்குத்தான்.