இரண்டு அம்மாக்கள்

வடக்கே பனிக்கடலோரத்திலிருந்து காசநோய்க்காக விமானத்தில் கொண்டுவந்து சேர்த்த, இனுயிட் என்ற பழங்குடியைச் சேர்ந்த வாலிபராகத்தான் அவர் எனக்குப் பழக்கம். நான் மதராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு மாண்ட்ரியலுக்கு வந்த புதிது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு டாக்டருக்கும் இறங்கவில்லை, நோயாளிக்கும் இறங்கவில்லை. எனக்கு ரசம் இல்லாத குறை, அவருக்குக் கடல்நாய் இறைச்சி இல்லாத குறை. அதிலேயே சிநேகம் பிடித்துக்கொண்டது.

குணமாகி ஊருக்குப் போனவர் சில வருஷங்களில் தன் ஜனங்களின் பிரதிநிதியாகத் திரும்பி வந்தார். படுக்கையில் கிடந்தபடி கற்றுக்கொண்ட ஆங்கிலமும் பிரெஞ்சும் அவரைச் சும்மா விடவில்லை. அணை கட்டக் கிளம்பிய அரசாங்கத்தோடு நிலத்துக்காக மாதக்கணக்கில் பேச்சு. டை கட்டுவது அவருக்கு ஆகாது. மாண்ட்ரியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போதே அவிழ்த்துப் பையில் திணித்துக்கொள்வார்.

அப்படி ஒரு கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை. முகத்தைப் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை. என் அம்மா போனபோது எனக்கும் தந்திதான் கிடைத்தது. அதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

அடுத்த மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பார்க்க வந்தவர் தயங்கித் தயங்கி, "இவளுக்கு என் அம்மா பேரை வைக்கலாமா, டாக்டர்?" என்றார். அவர்கள் வழக்கத்தில், இறந்தவரின் பெயரை வாங்கிக்கொண்ட குழந்தை அந்த மனுஷியேதான். நாங்களோ என் அம்மாவின் பெயரை வைப்பதாக இருந்தோம். மாமியார் பெயரை என் மனைவி வாயால் சொல்ல மாட்டாள். குழந்தையை "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள்.

"அவரும் அம்மான்னே கூப்பிட்டுட்டுப் போகட்டுமே. ரெண்டு பேர் இருந்தா என்ன இப்போ?" என்றாள் என் மனைவி. இரண்டு பெயரையுமே வைத்தோம்.

அதன் பிறகு எப்போது வந்தாலும் குழந்தையின் எதிரே தரையில் உட்கார்ந்து, கூட்டத்தில் நடந்ததையெல்லாம் தன் பாஷையில் ஒப்பிப்பார். அவர்களுக்குப் புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்', மூக்கைச் சுளித்தால் 'இல்லை'. பேச்சு வருவதற்கு முன்பே இவள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒப்பந்தம் முடிந்தது. தேர்தலில் ஜெயித்தார். ஊர் என்பது இரண்டு விமானங்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கிற இடமாகிவிட்டது. மறுபடியும் நில்லுங்கள் என்று எல்லோரும் நெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் வந்தார். குழந்தையிடம் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வாய் நிறைய அப்பளத்தோடு அவரையே பார்த்தவள் இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

"போதும், வீட்டுக்கு வந்துடட்டுமான்னு கேட்டேன்."

அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஊரோடு போய்விட்டார். நாலு வயசுக் குழந்தையின் புருவத்தை நம்பி ஒருத்தர் பதவியை விடுவாரா என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வந்தது பொறாமை.

என் அம்மாவும் அதே வீட்டில்தான் அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ சாயங்காலங்களில் அவள் எதிரே போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்டதில்லை. புருவத்தை உயர்த்திவிட்டால் நான் என்ன செய்வேன்?