அண்ணன் கட்டிய வண்டி

விடுதி முற்றத்தில் ரொட்டி வண்டிக்கு வழிவிட ரெயின்ஹோல்ட் சுற்றுலாப் பேருந்தைப் பின்னால் எடுத்தார்.

"போதும்பா, போதும்! இன்னும் வந்தா என் சமையக்கட்டுலதான் நிப்பே" என்று விடுதிக்கார நோட்புர்கா கத்தினாள். பேருந்து பன்னிரண்டு மீட்டர் நகர்ந்திருந்தது. ரொட்டி வண்டி உள்ளே நுழைந்தது.

பிறகுதான் ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் பெட்டியைப் பார்த்தார். காலை ஆறரை. இரவு பத்தரைக்கு ஓய்வு தொடங்கியது. ஓட்டுநருக்குச் சட்டம் விதித்த ஒன்பது மணி நேர ஓய்வு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சக்கரம் உருண்டுவிட்டதால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மாலை மூன்றரை வரை வண்டி எடுக்கக் கூடாது. இன்று பகல் இரண்டு மணிக்கு உல்ம் நகரில் அண்ணன் எகோனைப் புதைக்கிறார்கள். ஐந்து மணி நேரப் பாதை.

எகோன் உல்ம் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் இதே பேருந்து மாடலுக்கு, உடற்கூட்டைத் தாங்கும் விலாச் சட்டங்களைப் பற்றவைத்தவர். மாடல் மூன்று வடிவங்களில் வந்தது. மூன்றையும் ரெயின்ஹோல்ட் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எகோன் வந்து தகட்டைத் தட்டிப் பார்ப்பார். "நான் கட்டுனதைக் கெடுத்து வச்சிருக்கியாடா?"

முதல் இரண்டிலும் ஓட்டத்தைப் பதிந்தது பெட்டிக்குள் இருந்த காகித வட்டு. ஓய்வில் வண்டியை நகர்த்த வேண்டுமென்றால் மூடியைத் திறந்து வட்டை எடுத்துவிடுவார்கள்; எதுவும் பதியாது. எல்லா ஓட்டுநர்களும் செய்ததுதான். புதியதில் வட்டும் இல்லை, திறக்க மூடியும் இல்லை. ஒன்பது வருடமாகத் தெரிந்த விஷயம். இன்று காலை கை அந்த மூடியைத் தேடியது. அதற்குள் கால் முடுக்கியை அழுத்திவிட்டது. வியாழக்கிழமை சாவுச் செய்தி வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

"ரயில்ல போயேன்" என்றாள் நோட்புர்கா.

"முதல் ரயிலே பத்துக்குத்தான். மூணு ரயில் மாறணும். போய்ச் சேர நாலு ஆயிடும்."

பயணக் குழுவின் தலைவி ஹெட்விக், எழுபத்தெட்டு வயது. "கிளம்புங்க தம்பி. போலீஸ் புடிச்சா நாப்பத்தாறு பேரும் சாட்சி சொல்றோம்."

"பெட்டி சொல்றதுதான் சாட்சிம்மா. உரிமம் போயிடும். அண்ணன் போயாச்சு, அதுவும் போகணுமா?"

ஹெட்விக் அவர் தோளைத் தொட்டாள்.

மதியம் வண்டியின் சின்ன அடுப்பில் தொத்திறைச்சி வேகவைத்துக் கொடுத்தார். இரண்டு மணிக்கு ஒருவர் கடுகு விழுது கேட்டார். எடுத்துக் கொடுத்தார். மூன்றரைக்குக் கிளம்பினார்.

மறுநாள் உல்மில் காலை எட்டு மணிக்கு வண்டியைக் கழுவினார். கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்தார். பத்தரைக்கு இடுகாட்டுக்குப் போனார். அண்ணன் குழிமேல் மண் குவிந்திருந்தது. ஈரமாக இருந்தது. பிறகு அண்ணன் வீட்டில் அண்ணி உர்சுலா, அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததில் மீந்திருந்த கேக்கைக் கொடுத்தாள். "வழியில ஏதாவது தகராறா?" என்று கேட்டாள். "என் தப்புதான் அண்ணி" என்றார். அவள் காபி ஊற்றினாள். ஒரு மணிக்குத் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். செவ்வாய்க்கிழமை சவாரி இருந்தது.