பத்திரத்தில் என் கதவு எண்

பேரூராட்சித் தலைவியாக என்னை உட்கார வைத்தபோது மைக் பிடித்துப் பேச எனக்குப் பயமில்லை. ஆம்பளைகள் நிறைந்த கூட்டத்தில் சத்தம் போடவும் பயமில்லை. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். அதற்குத்தான் ஓட்டே விழுந்திருக்கிறது என்று ராணுவத்திலிருந்து என் வீட்டுக்காரர் கடிதம் எழுதினார். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் பயம்.

அந்தப் பயம் ராஜபாளையத்தில் எங்கள் அப்பா வீட்டில் பிடித்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மில் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் வாங்கிய கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் ஊரை விட்டே ஓடிப்போனார். ஒருநாள் காலை, தெருவே வேடிக்கை பார்க்க, கோர்ட் ஆட்கள் வந்து அம்மாவின் தையல் மிஷினையும் அண்டாவையும் கட்டிலையும் வெளியே தூக்கி வைத்தார்கள். வந்தவர் கையிலிருந்த தாளில் அப்பா பெயரும் எங்கள் கதவு எண்ணும் இருந்தன. அவர் அந்த எண்ணை வாய்விட்டுப் படித்து, நிலைக்கு மேலே அடித்திருந்த தகரத்தோடு சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். சில மாதங்களில் வீடும் ஏலத்தில் போயிற்று.

பிறகு கல்யாணமாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன். வீட்டுக்காரர் எங்கோ பனியில் நின்று அனுப்பிய சம்பளத்தில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக வீடு கட்டினோம். வீடு என் பெயரில்தான் இருந்தது.

நான் தலைவியானது தொண்ணூறுகளின் பின்பாதியில். ஊரில் அடிபம்புத் தண்ணீர் ஒரே உப்பு, பருப்பு வேகாது. மலையடிவாரத்தில் கிணறு வெட்டி, குழாய் பதித்து, மேல்நிலைத் தொட்டி கட்ட அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது என்று செயல் அலுவலர் கூட்டத்தில் வாசித்தார். வட்டியைக் கேட்டதும் உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் வட்டி என்றால் மாதக்கணக்கு. இவர் சொன்னது வருஷக்கணக்கு.

"இம்புட்டுக் கம்மி வட்டிக்கு எவன் குடுப்பான்? உள்ள என்னமோ இருக்கு" என்றார் ஒரு உறுப்பினர்.

எனக்கும் அதே நினைப்புத்தான். அதிக வட்டி கேட்பவன் வட்டியைத் தின்பான். இத்தனை குறைந்த வட்டி போதும் என்கிறவன் வேறு எதையோ குறி வைத்திருக்கிறான் என்று பட்டது.

கையெழுத்துப் போடும் நாளும் வந்தது. செயல் அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டி விரலை வைத்த இடத்தில் நான் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. என் பெயர், இன்னாரின் மனைவி, இன்ன தெரு, அதற்குக் கீழே என் வீட்டுக் கதவு எண். டைப் அடித்து, பளிச்சென்று. வீட்டையும் சேர்த்தல்லவா எழுதியிருக்கிறார்கள்!

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று வாய்க்குள் சிரிக்கக் காத்திருந்த நாலு பேர் சுற்றி நின்றார்கள். வெளியே குடத்தோடு பெண்கள் கூடியிருந்தார்கள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போகிறவள், எனக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள்.

"அக்கா, போட்டுட்டீகளா?" என்றாள்.

போட்டேன். வீட்டுக்காரருக்கு அதைப் பற்றி எழுதவில்லை. அவர் லீவில் வந்திருந்த ஒன்றரை மாதமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான்தான் முதலில் வாசலுக்கு ஓடினேன்.

தண்ணீர் வந்தது. முதல் நாள் எதிர்வீட்டுக்காரி குழாயடியில் நின்று கை நிறையப் பிடித்துக் குடித்து, "அக்கா, இனிப்பா இருக்கு!" என்று என் முகத்திலும் தெளித்தாள். அவள் புருஷன் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தான். அவனைக் குளிப்பாட்டவும் துணி அலசவும் இனித் தூரத்துக்கு நடக்க வேண்டாம் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். இணைப்புக்கு முதல் ஆளாக முன்பணம் கட்டியவளும் அவள்தான்.

குழாய் வரி வசூல்தான் சீக்கிரமே தள்ளாட ஆரம்பித்தது. அரசாங்கத் தண்ணிக்கு எதுக்குக் காசு என்று பாதிப் பேர் கட்டவில்லை. கடனுக்கு வருஷத்துக்கு இரண்டு தவணை. இரண்டாவது தவணை நெருங்கியபோது செயல் அலுவலர் சாதாரணமாகச் சொன்னார்: "தவறுச்சுன்னா நோட்டீஸ் உங்க பேருக்குத்தாம்மா வரும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் நிலைக்கு மேலே இருந்த எண்ணை யாரோ வாய்விட்டுப் படிப்பது போலவே இருக்கும். பேரூராட்சிக் குழாய் ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு நானே தெருத்தெருவாக வசூலுக்குப் போனேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். சாத்தட்டும், என் கதவு தப்பினால் போதும் என்றிருந்தது. எல்லோரும் சொன்ன ஒரே பதில்: "மொதல்ல ஒங்க எதுத்த வீட்டுல வாங்குங்க, பொறவு நாங்க தாரோம்."

அவளுக்கு நாலு மாத பாக்கி. தறியில் வேலை குறைந்து சம்பளம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, செத்த பொறுங்க. சனிக்கெழம சம்பளம் போட்டதும் தாரேன்" என்றாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா?" என்று தெரு கேட்கக் கத்தி, குழாயை அறுக்கச் சொன்னேன். நோட்டீஸ் கொடுத்து நாள் விட வேண்டும் என்று ஃபிட்டர் முனகினார். நான் கேட்கவில்லை. அவள் வாசலில் மண்ணைத் தோண்டி, குழாயை அறுத்து, மூடி போட்டு அடைத்தார். உள்ளேயிருந்து அவள் புருஷன் குழறிக் குழறி என்னவோ கேட்டான். அன்று சாயங்காலமே ஊர் வரிசையில் வந்து வரி கட்டியது. தவணை தவறவில்லை.

அடுத்த மாதம் கணக்குத் தணிக்கைக்கு ஓர் அதிகாரி வந்தார். வயதானவர், பொறுமையாகப் பேசினார். டீ கொடுத்துவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "தவணை ஒழுங்காக் கட்டுறோம் சார். என் வீட்டைப் பத்திரத்துலயிருந்து எப்ப எடுப்பீங்க?"

அவருக்குப் புரியவில்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இது உங்க விலாசம்மா. கையெழுத்துப் போட்டவங்க யாருன்னு தெரியறதுக்கு. கடன் பேரூராட்சிக்கு. நாளைக்கு நீங்க பதவியில இல்லேன்னா அடுத்து வர்றவங்க கட்டப்போறாங்க. உங்க வீட்டை யாரும் தொட முடியாது."

சந்தோஷத்தில் ஆடியிருக்க வேண்டும். எனக்கோ எதிர்வீட்டு வாசலில் அறுத்த குழாய்தான் ஞாபகம் வந்தது. செயல் அலுவலரைப் பார்த்து, "ஏன் சார் எங்கிட்டச் சொல்லல?" என்று சீறினேன். "நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார். அதுவும் உண்மைதான்.

ஃபிட்டரை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவள் அந்தச் சனிக்கிழமையே பாக்கி முழுவதும் கட்டியிருந்தாள். திரும்ப இணைப்புத்தான் கேட்கவில்லை. உப்புத் தண்ணீர்க் குடம் இடுப்பில் இருக்க, வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா வீடு, பத்திரம், கதவு எண், எல்லாம். "வீடு போயிரும்னு பயந்துட்டேன்ட்டி. பயத்துல செஞ்சுட்டேன்."

அவள் குடத்தை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எதுத்த வீட்டுலதான இருந்தீக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கம்மலை அடகு வச்சாவது அன்னைக்கே குடுத்திருப்பேனே" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

குழாயை ஃபிட்டர் அன்றே சேர்த்துவிட்டார். அவள் அதைத் திறக்கவும் செய்தாள், புருஷனுக்காக. என்னோடு பேச்சு மட்டும் இல்லை. ஜப்தி, நோட்டீஸ், தபால்காரர் என்று எதற்கும் இப்போது எனக்குப் பயம் கிடையாது. காலையில் எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டால் மட்டும், போட்ட கோலம் பாதியில் இருக்க, எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறேன்.