ஒஷாவாக்காரரும் சுவீடன் புத்தகமும்

பழைய இசைத்தட்டுக் கடைக்கு வாங்க வருகிறவர்கள் குறைவு, கதைக்க வருகிறவர்கள்தான் கூட. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் அப்படியொரு கடையில் நின்றேன். ஊரில் சண்டையால் சனம் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம். உடம்பு கடையில் நிற்கும், மனம் ஓரிடத்தில் நிற்காது.

நின்று வாசித்தவர்

முதலாளி டேவ் சுவீடனிலிருந்து தடித்த புத்தகம் ஒன்று தருவித்திருந்தார். அந்த நாட்டுப் புரோகிரசிவ் ராக் குழுக்கள் எல்லாம் அதில் அகரவரிசையில் இருந்தன. யார் பாடினார், யார் கிற்றார் அடித்தார், என்ன தட்டு வெளியிட்டார்கள், பிறகு என்ன ஆனார்கள், எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற வகை இசை அது. புத்தகம் விற்பனைக்கல்ல. யாரும் பார்க்கலாம், ஆனால் பேனை படக்கூடாது என்பது டேவின் சட்டம்.

ஒருவர் காலையில் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மத்தியானம் வரை நின்று வாசித்தார். ஏதாவது தட்டு எடுத்துத் தரவா என்று கேட்டேன். அவர் புத்தகத்தைப் பக்குவமாக மூடினார்.

"வேண்டாம். எனக்குப் பிடிக்காதது எவையெவை என்று இதிலேயே தெரிஞ்சுபோச்சு."

யோகன் கொண்டுவந்த செய்தி

யோகனும் நானும் நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். அவன் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவன், வேலை நேரத்தில் வெளியே வரமாட்டான். அன்றைக்கு ஏப்ரனோடு வந்து நின்றான். கடையில் ஓடிய தட்டில் ட்ரம்ஸ் தனியாக முழங்கிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று பார்த்தான், முடியவில்லை. காதருகே குனிந்து சொன்னான். வவுனியாவிலிருந்து அவனுடைய மாமா ரெலிபோன் எடுத்தாராம். கிளிநொச்சிப் பக்கம் ஷெல் விழுந்ததில் என் தம்பி குமரன் செத்துப்போனான் என்று அங்கே கதையாம்.

நான் இசைத்தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன். யோகன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"மச்சான், கண்ணாலை கண்டவை ஒருத்தருமில்லை. எல்லாரும் கேள்விப்பட்ட ஆக்கள்தான்."

பேனை கேட்டவர்

வீட்டில் இருக்க முடியாமல் அந்தச் சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் வந்தார். பிறந்தது சுவீடன், இப்போது கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இளவயதில் ஒரு குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தாராம், வெளிவந்தது ஒரே ஒரு தட்டு. புத்தகத்தில் தன் குழு இருக்கிறதா என்று ஆசையாகத் தேடினார். இருந்தது. முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அவருடைய பெயர், வாசித்த கருவி, பக்கத்தில் 'காலமானார்'.

பேனை கேட்டார். டேவ் முடியாது என்றார். மனிதர் வாக்குவாதப்படவில்லை. சுவீடனில் ஒரு தங்கச்சி இருப்பதாகவும், பேச்சு விட்டுப்போய்ப் பல வருடம் என்றும் சொன்னார், அவள் இதை நம்பியிருப்பாளோ என்று என்னிடம் கேட்டார். தம்பியைப் பற்றி டேவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த வரியை விரலால் தடவினார்.

"எழுதினவர் ஒருக்கால் என்னிட்டைக் கேட்டிருக்கலாம்."

எழுத்தில் அனுப்பச் சொன்னவர்

எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த டேவ் கடை ரெலிபோனைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். புத்தகத்தின் பின்பக்கத்தில் பதிப்பாளரின் நம்பர் இருந்தது. ஒஷாவாக்காரர் சுவீடிஷில் நெடுநேரம் கதைத்தார், இடையிடையே மேசையில் தாளம் போட்டுக் காட்டினார். மற்றப் பக்கம் நம்பவில்லைப்போல. ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நான் உயிரோடு இருக்கிறதை எழுத்தில் அனுப்பட்டாம்."

பிறகு தங்கச்சிக்கு எடுத்தார். அவர்கள் கதைத்து முடியும் வரை நான் தட்டுகள் அடுக்குகிற பக்கமாகத் திரும்பி நின்றேன்.

தம்பி

அன்றிலிருந்து டேவ் கடை ரெலிபோனை எனக்கும் விட்டுவிட்டார். வவுனியாவில் காசுக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுக்கிற, தெரிந்த கொமியூனிகேஷன் கடைகளுக்கெல்லாம் எடுத்தேன், தம்பியின் பெயரும் ஊரும் எங்கள் கடை நம்பரும் சொல்லி வைத்தேன். வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். மணி அடிக்கும் போதெல்லாம் ஓடினேன். பெரும்பாலும் யாராவது ஏதாவது தட்டு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஒரு காலை, ஒருவருக்கு மிச்சக்காசு கொடுத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. இரைச்சல், பிறகு குமரனின் குரல். அம்மாவோடு வவுனியாவுக்கு வந்துசேர்ந்துவிட்டானாம். ஷெல் விழுந்தது உண்மை, செத்தது அதே பெயருள்ள வேறொரு பெடியன். அந்தப் பெடியனின் வீட்டுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எனக்கு அழுகை வருவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணை, எனக்குச் செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் சோறும் குடுத்து முடிச்சிட்டியளோ?"

பிறகும் சில வருடம் அந்தக் கடையில் நின்றேன், சம்பளத்துக்காக நின்றேனா ரெலிபோனுக்காக நின்றேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.